ஆறு வருடப் பச்சை

இருநூற்றுப் பதினெட்டாவது சோதனை சிவப்பாக வந்தபோது மணி பதினொன்று பத்து. தமயந்தி உடனே பயந்துவிடவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவளுக்குச் சிவப்பு பழகிப்போயிருந்தது. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள், எல்லாம் பழைய கருவியில் எழுதினவை, அந்தக் கருவியை இனி யாரும் பராமரிக்கப் போவதில்லை என்று ஆகிவிட்டதால் ஒவ்வொன்றையும் புதிய கருவிக்கு மாற்றி எழுத வேண்டும். எழுதி ஓட்டினால் பத்தில் ஒன்று சிவப்பாகத்தான் வரும், பட்டனுக்குப் பெயர் மாறியிருக்கும், ஒரு பெட்டி இடம் மாறியிருக்கும், பார்த்துச் சரிசெய்தால் பச்சையாகிவிடும். சரவணம்பட்டியில் நான்காவது மாடியில் இருக்கும் அந்தக் கம்பெனி சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து தருகிறது. பொள்ளாச்சி, தாராபுரம், காங்கேயம், கோபி என்று நாற்பது ஆஸ்பத்திரிகள். டாக்டர் மருந்துச் சீட்டை அந்தத் திரையில்தான் எழுதுவார். தமயந்தியின் சோதனைகள் ஆளில்லாமல் தாமாகவே பிரவுசரைத் திறந்து, டாக்டர் போல எழுதி, பட்டனை அமுக்கி, வர வேண்டியது திரையில் வருகிறதா என்று பார்க்கும். வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. நாற்பத்தைந்து வயதில் அவளுக்குத் தெரிந்த தொழில் இந்த இரண்டு நிறம்தான். புதிய வரியில் எங்கே தப்புவிட்டோம் என்று பார்க்கப் பழைய வரியைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். அதைப் படித்தாள். திரும்பப் படித்தாள். அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு சொல் இல்லை. அதைக் கண்ட பிறகுதான் கை விசைப்பலகையிலிருந்து தானாக விலகி மடியில் வந்து விழுந்தது.

அவெயிட். இருக்க வேண்டிய சொல் அது. பொறு, முடியட்டும், அப்புறம் போகலாம் என்று அர்த்தம். சிவப்பு எச்சரிக்கைப் பெட்டி வந்ததா என்று பார்க்கச் சொல்லும் வரிக்கு முன்னால் அது இருந்தால் சோதனை நின்று, பார்த்து, பதில் வந்த பிறகு முடியும். இல்லாவிட்டால் பார்க்க ஆளை அனுப்பிவிட்டு, அவன் திரும்பி வருவதற்குள் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடும். பழைய கருவி அதைக் கண்டுகொள்ளாது, பச்சை காட்டும். பெட்டி வந்தாலும் பச்சை, வராவிட்டாலும் பச்சை. ஆறு வருடமாகத் தினம் காலையில் இந்தச் சோதனை பச்சை காட்டியிருக்கிறது, தினம் காலையில் காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து அந்தப் பச்சையைப் பார்த்து அவள் நிம்மதியாக இருந்திருக்கிறாள். அப்படியானால் இப்போது வந்த சிவப்பு. இல்லை, இரு, அவசரப்படாதே. புதிய வரி தப்பாக இருக்கலாம். புதிய கருவி ஐந்து விநாடிதான் பார்க்கும், திரை மெதுவாக வந்திருக்கலாம், இங்கே இணையம் பதினொரு மணிக்கு எப்போதும் தொங்கும். ஐந்தைப் பத்தாக்கினாள். சிவப்பு. முப்பதாக்கினாள். முப்பது விநாடி என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்க, காலையில் கேஸை மூடினோமா என்ற நினைப்பு வந்தது, மூடினோம், திரும்பிப் போய்ப் பார்த்தோம், பூட்டை இழுத்துப் பார்த்தோம், வண்டியில் ஏறிய பிறகும் ஒரு முறை இறங்கிப் போய் இழுத்துப் பார்த்தோம், கணவர் கனகசபை கூட, வீட்டையே கழற்றி எடுத்துக்கொண்டு போயிடலாமா என்று கேட்டார், அப்படிப் பார்க்கிற பெண்தானே நான், அப்படிப் பார்க்கிற பெண் எப்படி ஒரு சொல்லை விட்டாள், வட்டம் சுற்றுகிறது, அக்காவின் உதடு வீங்குகிறது. சிவப்பு.

அக்காவின் உதடு எதற்கு இப்போது? தெரியும் எதற்கென்று. சுசீலாவுக்குப் பன்னிரண்டு வயது, இவளுக்கு ஒன்பது. ஒண்டிப்புதூரில் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவளின் கழுத்தில் முதலில் ஒரு தடிப்பு, பிறகு கன்னத்தில், பிறகு உதடு பெரிதாகிப் பெரிதாகி அக்காவின் முகமே இல்லாமல் வேறு யாருடைய முகமோ ஆகிவிட்டது. மூச்சுக்கு அவள் வாயைத் திறந்த சத்தம். தொண்டைக்குள் யாரோ துணியைக் கிழிப்பது போல. உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள், வேறு ஊசி போட்டார்கள், பிழைத்துக்கொண்டாள், இப்போது அவிநாசியில் இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறாள். அன்றைக்கு டாக்டர் அம்மாவைப் பார்த்து, போன தடவையே ஒத்துக்கலைன்னு சொல்லியிருக்கலாமேம்மா என்றார். அம்மா சொல்லியிருந்தாள். கம்பவுண்டரிடம் சொல்லியிருந்தாள். அவர் சீட்டில் எழுதவில்லை. அதனால்தான் இந்தச் சோதனை. இதை யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை. டாக்டர் புதிதாக ஒரு மருந்தை எழுதினால் ஒவ்வாமை எச்சரிக்கை வருகிறதா என்று பார்க்க வேறு சோதனை இருந்தது, அது இன்றும் சரியாக ஓடுகிறது. இவள்தான் யோசித்தாள்: திரையில் ‘பழைய சீட்டு’ என்று ஒரு பட்டன் இருக்கிறதே, அதை அமுக்கினால் போன தடவை எழுதின மருந்தெல்லாம் அப்படியே இறங்கிவிடுமே, போன தடவை கொடுத்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போய், அதற்குப் பிறகு ஒவ்வாமை என்று பதிவு செய்திருந்தால்? அடுத்த தடவை டாக்டர் அவசரத்தில் அந்தப் பட்டனை அமுக்கினால்? அப்போதும் சிவப்புப் பெட்டி வர வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டில் இவள் சொந்த மனதிலிருந்து எழுதினது இது ஒன்றுதான். அது ஒன்றுதான் ஒன்றையும் பார்க்காமல் இருந்திருக்கிறது.

கையால் பார்த்துவிடலாம். இரண்டு நிமிட வேலை. பிரவுசரைத் திறந்து, பொய்யாக ஒரு நோயாளியைப் போட்டு, பட்டனை அமுக்கினால் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் எழுந்து டீ எடுக்கப் போனாள். டீ மெஷின் முன்னால் நின்றபோது தனக்கு டீ வேண்டியிருக்கவில்லை என்பது தெரிந்தது. பரிசோதனை முடிவு வாங்கப் போகிறவர்கள் லேப் வாசலில் செருப்பை மெதுவாகக் கழற்றுவதை அவள் பார்த்திருக்கிறாள், அதேதான் இது, கழற்றுகிற வரைக்கும் நோய் இல்லை. பின்னால் ரெஜினால்டு வந்து நின்றான். அவளுடைய மேலாளர், அவளைவிடப் பத்து வயது சின்னவன், குரலை உயர்த்தத் தெரியாதவன். நாலு மணிக்குப் புதிய பதிப்பு எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் போக வேண்டும், சோதனைகள் முடிந்ததாக அவன்தான் மேலே சொல்ல வேண்டும்.

“எவ்வளவு முடிஞ்சுதுங்க்கா?”

“இருநூத்திப் பதினேழு. ஒன்னு சிவப்பா நிக்குது ரெஜி.”

“ஒன்னுதானே? ஸ்கிப் போட்டுருங்க. அடுத்த வாரம் பொறுமையா பாத்துக்கலாம். மிச்சத்தை இன்னைக்கு ஓட்டி முடிச்சாப் போதும்.”

“சரி,” என்றாள்.

சரி என்று சொன்னது அவள் வாய்தான். ஸ்கிப் என்றால் தாண்டிப் போ. அந்தச் சொல்லைப் போட்டால் சோதனை ஓடாது, பச்சையும் ஆகாது சிவப்பும் ஆகாது, பட்டியலில் சாம்பல் நிறத்தில் கிடக்கும், சாம்பல் நிறத்தில் கிடப்பதை யாரும் கேட்கமாட்டார்கள், ஏற்கெனவே பதினான்கு கிடக்கின்றன, ஒன்று கூடினால் பதினைந்து. அவன் ஒன்றும் கெட்டவன் இல்லை. அவனுக்கு எது என்று தெரியாது. எது என்று இவள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? கையால் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான். அப்போ கையால் பார். பார்க்கிறேன். இடத்துக்கு வந்து உட்கார்ந்து டீயை ஓரமாக வைத்துவிட்டு, பிரவுசரைத் திறப்பதற்குப் பதிலாக அந்த வரியை எழுதின நாளைத் தேடினாள். அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் என்றால் மகன் டெங்குவில் படுத்திருந்த சமயமாக இருக்க வேண்டும், தட்டணுக்கள் குறைந்துகொண்டே போக ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து மடியில் லேப்டாப்பை வைத்து வேலை செய்தோமே, அன்றைக்குத்தான் எழுதியிருப்போம், யாராலும் குற்றம் சொல்ல முடியாது. இல்லாவிட்டால் மாமனார் தவறின வாரம். இல்லாவிட்டால் கண்ணில் கட்டி வந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தோமே, அப்போது. பழைய பதிவுகள் எல்லாம் கம்பெனியில் இருக்கும், எந்த வரியை யார் எந்த நிமிடத்தில் எழுதினார்கள் என்பது வரைக்கும். தேடினாள். வந்தது. அவள் பெயர். செவ்வாய்க்கிழமை, மாலை மூன்று நாற்பத்திரண்டு. மகனுக்கு டெங்கு வந்தது அதற்கு அடுத்த வருடம். மாமனார் அப்போது நன்றாக நடமாடிக்கொண்டிருந்தார். கைபேசியில் அந்த நாளின் படங்களைப் பார்த்தாள், ஒரே ஒரு படம், புதிதாக வாங்கின பால் குக்கர். அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை. மூன்று நாற்பத்திரண்டுக்கு நல்ல வெளிச்சத்தில், நல்ல உடம்போடு, யாரும் அவசரப்படுத்தாமல் இருக்கும்போது அவள் ஒரு சொல்லை எழுதாமல் விட்டிருக்கிறாள். எழுதிவிட்டு ஓட்டிப் பார்த்திருப்பாள், பச்சை வந்திருக்கும், சந்தோஷப்பட்டிருப்பாள். பெட்டி வராதபடி செய்துவிட்டுச் சிவப்பாகிறதா என்று ஒரு தரம் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள்.

பதினொன்று நாற்பதுக்குப் பிரவுசரைத் திறந்தாள். நோயாளியின் பெயர் என்ற இடத்தில் ஏதோ எழுதினாள், வயது ஐம்பது, முதல் வருகை, அமாக்ஸிசிலின் ஐந்நூறு, காலை ஒன்று இரவு ஒன்று, சீட்டை மூடினாள். பிறகு ஒவ்வாமை என்ற பகுதியில் பென்சிலின் வகை என்று பதிந்தாள், அமாக்ஸிசிலினும் அந்த வகைதான். பிறகு இரண்டாவது வருகை. ‘பழைய சீட்டு’ பட்டன் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில், நன்றாகப் பெரிதாக, அமுக்கு அமுக்கு என்று கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அமுக்கினாள். அமாக்ஸிசிலின் ஐந்நூறு, காலை ஒன்று இரவு ஒன்று, அப்படியே இறங்கியது. திரை அமைதியாக இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி வரட்டும் என்று பார்த்தாள், தாமதமாகவாவது வரட்டும், ஓரத்தில் சின்னதாகவாவது வரட்டும். கீழே ‘சேமி’ என்ற பட்டன் மட்டும் வெளிச்சமாயிற்று. கழுத்துப் பின்னால் வியர்த்து, ஏசி காற்று பட்டு, அந்த இடம் மட்டும் குளிர்ந்தது. இன்னொரு நோயாளி. இன்னொரு மருந்து. வரவில்லை. ஒரு ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு நூறு பேர் என்றால் நாற்பது ஆஸ்பத்திரிக்கு நாலாயிரம், நாலாயிரத்தில் பழைய சீட்டு பாதிப் பேருக்காவது, அதில் ஒவ்வாமை உள்ளவர்கள் நூற்றுக்கு எத்தனை, அதை எத்தனை நாள், எத்தனை வருடம். பெருக்கிக்கொண்டே போன மனது ஓர் இடத்தில் இனி நகரமாட்டேன் என்று நின்றுவிட்டது. நின்ற இடத்தில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் யாரோ உட்கார்ந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறார்கள், முகம் தெரியவில்லை, வீங்கியிருப்பதால் யாரென்று தெரியவில்லை. இல்லை, அப்படி ஒன்றும் ஆகியிருக்காது. டாக்டர்களுக்குத் தெரியாதா? நர்ஸ்கள் கேட்கமாட்டார்களா? ஏதாவது ஆகியிருந்தால் இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பார்கள். வந்திருக்கமாட்டார்கள், வேறு எதையோ காரணம் என்று நினைத்திருப்பார்கள். கைபேசியில் ‘ச’ எழுத்துக்குப் போய் சகாயமேரி என்ற பெயரைத் தேடினாள். தாராபுரத்து ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். இரண்டு வருடத்துக்கு முன்னால் மென்பொருள் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தபோது மதியம் சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்கார வைத்தவர். மூன்று தரம் மணி அடித்தது, எடுக்கவில்லை என்றால் நல்லது என்று நினைத்தாள், எடுத்துவிட்டார்.

“சிஸ்டர், கோயமுத்தூர்ல இருந்து தமயந்தி பேசறேனுங்க.”

“சொல்லுங்க மேடம், நல்லா இருக்கீங்களா? ஓபி நடக்குதுங்க, ரெண்டு நிமிஷம்தான்.”

“ஒன்னே ஒன்னு கேக்கணுங்க. அலர்ஜி உள்ளவங்களுக்கு அந்த மருந்தை எழுதினா சிவப்பா ஒரு பெட்டி வருமில்லீங்களா. அது வருதுங்களா?”

“வருமுங்க. சில நேரம் வரும், சில நேரம் வராது.”

“வராதுன்னா?”

“பழைய சீட்டுன்னு அமுக்கினா வராதுங்க. நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு நெனச்சோம். ஏனுங்க, அது வரணுமா?”

தமயந்தி கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள். கேட்காதே, இதற்கு மேல் கேட்காதே, நன்றி சொல்லி வைத்துவிடு.

“சிஸ்டர், அதனால யாருக்காவது ஏதாவது ஆச்சுங்களா?”

அந்தப் பக்கம் யாரையோ, நீங்க உக்காருங்க, கூப்பிடுவோம் என்று சொல்வது கேட்டது. பிறகு குரல் தாழ்ந்தது. “போன ஆடியில ஒரு பெரியவருக்கு. ஊசி போட்ட உடனே ஒடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு. நான் பக்கத்துலயே இருந்தேன், மாத்து ஊசி கையிலயே வெச்சிருந்தேன், காப்பாத்திட்டோம். மூணாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாருங்க. அதுல இருந்து நான் அலர்ஜி உள்ளவங்க கையில பேனாவால எழுதி வெச்சிடறேன். எங்க ஊர்ல அப்படி, மத்த ஊர்ல என்ன பண்றாங்கன்னு தெரியாதுங்களே.”

சகாயமேரி வைத்துவிட்ட பிறகும் தமயந்தி கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நடந்து வீட்டுக்குப் போனார். நடந்து போனார், பிழைத்துவிட்டார், சகாயமேரி பக்கத்தில் இருந்தார். பக்கத்தில் இல்லாத நர்ஸ்கள். டீ குடிக்கப் போன நர்ஸ்கள். மத்த ஊர்ல என்ன பண்றாங்கன்னு தெரியாதுங்களே. இது நாற்பதில் ஒரு ஊர். அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, அதைப் பின்னால் நினைத்து வெட்கப்பட்டாள். முதலில் வந்தது கணக்காகத் தெளிவான ஒரு யோசனை. ஸ்கிப் போட்டுவிட்டால் அந்தப் பழைய வரி இந்த மாற்றத்தோடு அழிந்துபோகும், புதிய வரியில் அவெயிட் இருக்கும், அடுத்த வாரம் தற்செயலாகக் கண்டுபிடித்தது போல, இந்தப் பட்டனில் ஒரு பிரச்சினை இருக்கிறது என்று சொல்லலாம், அவர்கள் சரிசெய்வார்கள், அவள் நல்ல பெயர்கூட வாங்குவாள், செவ்வாய்க்கிழமை மூன்று நாற்பத்திரண்டை யார் தோண்டப் போகிறார்கள். ஒரு வாரம்தானே. ஒரு வாரத்துக்கு எத்தனை பழைய சீட்டு? நாற்பத்தைந்து வயதில் வெளியே அனுப்பினால் வேறு யார் கூப்பிடுவார்கள், சோதனையை எல்லாம் இப்போது இயந்திரமே எழுதிவிடுமாமே என்று போன மாதம்தான் கூட்டத்தில் பேசினார்கள், மகனுக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி. விரல் ஸ்கிப் என்று எழுதியேவிட்டது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. சாம்பலாக ஆயிற்று. நெஞ்சு ஒரு கணம் லேசானது, அந்த லேசுதான் அவளைப் பிடித்து உலுக்கியது, இப்படி லேசாகிவிடுமா, இவ்வளவு சுலபமாகவா, அப்படியானால் ஒண்டிப்புதூர் கம்பவுண்டருக்கும் அன்றைக்குச் சாயங்காலம் லேசாகத்தான் இருந்திருக்கும். நான்கு எழுத்தையும் அழித்தாள். சோதனை மறுபடியும் சிவப்பாயிற்று. எழுந்து ரெஜினால்டின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே திறந்தாள்.

நின்றுகொண்டே சொன்னாள். பட்டன், பெட்டி, தாராபுரம், பெரியவர். சொல்லும்போது தன் குரலே தூரத்திலிருந்து யாரோ படிப்பது போலக் கேட்டது. ரெஜினால்டு எழுந்து அவளுக்குப் பின்னால் போய்க் கதவைச் சாத்தினான்.

“எப்போ இருந்துக்கா?”

“தெரியல. நாலு வருஷத்துக்கு முன்னால திரையை மாத்தினோமே, அப்ப உடைஞ்சிருக்கும். அதுக்கு முன்னால வந்துட்டுத்தான் இருந்திருக்கும்.”

“அப்போ நம்ம சோதனை அன்னைக்கே புடிச்சிருக்கணுமே?”

“புடிச்சிருக்கணும்.”

“யார் எழுதுனது?”

“நான்தான் ரெஜி.”

அவன் அவளைப் பார்த்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள், கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டு, மெல்ல, “இந்த மாதிரி வேற எத்தனை இருக்கு?” என்றான். அந்தக் கேள்வியைத்தான் பதினொன்று பத்திலிருந்து அவள் தன்னிடம் கேட்காமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். அங்கேயே, அவன் கணினியில், அந்தச் சொல் இல்லாத வரிகளைத் தேடினார்கள். எண் ஒவ்வொன்றாக ஏறியது. ஏழில் நிற்கும் என்று நினைத்தாள். பன்னிரண்டில் நிற்கும் என்று நினைத்தாள். முப்பத்தொன்றில் நின்றது. பத்தொன்பது அவள் எழுதினது, மீதி வேலையை விட்டுப் போனவர்கள் எழுதினது.

நாலு மணிப் பதிப்பு நின்றுபோனது. மேலே யாருடனோ ரெஜினால்டு பத்து நிமிடம் பேசினான், அறைக் கண்ணாடிக்கு உள்ளே அவன் தலையாட்டுவது மட்டும் தெரிந்தது. திரையை எழுதுகிற குழுவினர் சாப்பாட்டை விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். மூன்று மணிக்குள் சரிசெய்துவிடலாம் என்றார்கள், நான்கு வருடத்துக்கு முந்தைய மாற்றத்தில்தான் விட்டுப்போயிருந்தது. அதுவரைக்கும் நாற்பது ஆஸ்பத்திரிக்கும் சொல்லியாக வேண்டும். “மெயில் போட்டா ராத்திரிதான் பாப்பாங்க,” என்றான் ரெஜினால்டு. “போன்ல சொல்லிடலாம். நான் இருபது, நீங்க இருபது. தாராபுரத்தை நான் எடுத்துக்கறேன். பேரெல்லாம் சொல்ல வேண்டாங்க்கா, கம்பெனியில இருந்து பேசறோம்னு மட்டும் சொல்லுங்க.” அவளுக்கு வந்த பட்டியலில் முதலாவது காங்கேயம். எண்ணை அழுத்தும்போது விரல் தப்பான இடத்தில் பட்டு, மறுபடியும் முதலிலிருந்து அழுத்தினாள். மணி ஒரு தரம் அடித்ததுமே எடுத்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் குரல், பின்னால் குழந்தை அழுகை, டோக்கன் எண் கூப்பிடும் சத்தம்.

“ஆஸ்பத்திரிங்க. யார் பேசறது?”

“கம்ப்யூட்டர் கம்பெனியில இருந்து பேசறேனுங்க,” என்றவள் நிறுத்தினாள். பிறகு, “என் பேரு தமயந்தி. பழைய சீட்டுன்னு ஒரு பட்டன் இருக்குதுங்களே, அதை இப்போதைக்கு அமுக்க வேண்டாம்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க. அலர்ஜி இருந்தாலும் அது காட்டாதுங்க. இப்பவே போய்ச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகப் போய்த் தேய்ந்தது. குழந்தை அழுதுகொண்டேயிருந்தது, டோக்கன் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு யாருங்க, ஒரு கதவு, ஒரு ஆணின் குரல், என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

“சொல்லிட்டேனுங்க. எத்தனை நாளா இப்படி இருக்குதுன்னு டாக்டர் கேக்கறார்.”

“நாலு வருஷமாங்க,” என்றாள் தமயந்தி.

அந்தப் பக்கம் டோக்கன் நாற்பத்திமூன்றைக் கூப்பிட்டார்கள். அவள் வைக்கவில்லை.